தோண்டிய மண் எங்கே?



சிறுசேரி நோக்கித் தூண்கள் வருகின்றன. மாதவரத்திலே புறப்பட்டு, மண்ணுக்கடியில் மாநகரைக் கடந்து, பழைய மாமல்லபுரம் சாலையிலே தலைதூக்கி, சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் என்று வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் அந்தத் தூண்களைக் காணும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரத்தான் வேண்டும்! சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் எவரும் எடுத்தெறிந்த பிச்சையல்ல. 118.9 கிலோமீட்டர் நீளம், 63,246 கோடி ரூபாய் மதிப்பு. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டிவிட்டு, ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில்! இடையிலே உருண்டோடிய ஏறத்தாழ நான்காண்டுக் காலம், இந்தத் திட்டத்தின் சுமையைத் தமிழகத்தின் கருவூலம் தாங்கிற்று; தமிழகத்தின் தோள் தாங்கிற்று. கேட்டோம், வாதாடினோம், மன்றத்திலே முழங்கினோம், மக்களிடம் முறையிட்டோம். பெற்றோம்.

போராடிப் பெற்ற பிள்ளை என்பதற்காக, அவன் பக்கத்து வீட்டுக் கிணற்றிலே சேற்றை வாரிக் கொட்டினால், 'நம் பிள்ளைதானே' என்று வாய்மூடி இருக்க முடியுமா? அதனால்தான் இன்று ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். சின்னக் கேள்வி. சிறுவன்கூடக் கேட்கக்கூடிய கேள்வி. தூண் எழுகிறது, தெரிகிறது. தோண்டிய மண் எங்கே?

மண் என்றால் வெறும் மண் அல்ல. தூண் எழும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் நான் கேட்பதன் பொருள் விளங்கும். ஆகவே சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் தூணின் கீழே கண்ணுக்குத் தெரியாத தூண்கள் பல. துளைப்பொறியைக் கொண்டு ஆழத் துளையிடுகிறார்கள். கடலோரத்து மணலும் களிமண்ணும் கலந்த தரையல்லவா? துளையிட்ட மாத்திரத்தில் சுவர் சரியும். சரியாமல் தாங்கிப் பிடிக்க, பெண்ட்டோனைட் என்னும் ஒருவகைக் களியைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி அந்தத் துளைக்குள் நிரப்புகிறார்கள். பிறகு இரும்புக்கம்பிக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்ப நிரப்ப, அந்தக் குழம்பு மேலே பொங்கி வருகிறது. அதை வடிகட்டி அடுத்த துளைக்குப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை முறை? சிமெண்டும் மணலும் சேர்ந்து அது கெட்டுப்போகும் வரை. கெட்டுப்போனபின்? அங்கேதான், தோழர்களே, நம் கேள்வி பிறக்கிறது.

அது மட்டுமா! துளைப்பொறிக்கும், பளுதூக்கிக்கும், மின்னாக்கிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும். கறுத்துப்போன அந்த எண்ணெய், அதைத் துடைத்த பஞ்சு, அது சிந்திய மண், வண்ணப்பூச்சு வந்த தகரம், இரசாயனக் கலவை வந்த பீப்பாய், செத்துப்போன மின்கலம், இடிக்கப்பட்ட பழங்கட்டடத்தின் கல்நார்க் கூரை, இவையெல்லாம் ஒவ்வொரு வேலைத்தளத்திலும் நாள்தோறும் குவிகின்றன. கான்கிரீட் கலவை வண்டியைக் கழுவிய நீரைக் கையால் தொட்டுப் பாருங்கள், வேண்டாம், தொடாதீர்கள்! சுண்ணாம்பைப்போல் தோலை அரிக்கும் காரநீர் அது. அந்த நீர் பாய்ந்த குட்டையிலே மீன் தங்காது. கறுத்த எண்ணெய் ஒரு லிட்டர் போதும், பத்து இலட்சம் லிட்டர் குடிநீரைக் கெடுக்க என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

'பெண்ட்டோனைட் களிமண்தானே, அது நஞ்சா?' என்று கேட்கும் நண்பர் உண்டு. நியாயமான கேள்விதான். நஞ்சல்ல. ஆனால் நெய்போல் நுண்ணிய அந்தக் களி, நீரோடையில் இறங்கினால் எளிதில் படியாது, மிதக்கும், மீனின் செவுளை அடைக்கும், படிந்தபின் அடித்தரையைப் பூசி மெழுகி, அங்கே முட்டையிடும் உயிரையும் மூச்சடைக்க வைக்கும். வடிகாலிலே படிந்தால் மழைநீர் போகும் வழியை மூடும். தலையணை நஞ்சல்ல, முகத்திலே வைத்து அழுத்தினால்?

நான் நாடகக்காரன். இதை மேடையில் காட்டச் சொன்னால் இப்படிக் காட்டுவேன்.

நள்ளிரவு. ஏரிக்கரை. விளக்கணைத்த லாரி ஒன்று பின்னோக்கி வருகிறது. கரையிலே ஓர் இளைஞன் கைவிளக்கோடு நிற்கிறான்.

"என்ன அண்ணே, ஏற்றி வந்தது?"

"மண்தான், தம்பி."

"மண்ணிலே எண்ணெய் வாடை வருகிறதே, அண்ணே?"

"அதை மேஸ்திரியைக் கேள். நடைக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி. இங்கே கொட்டு என்று யாரும் சொல்லவில்லை. இங்கே கொட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லை."

"மேஸ்திரிக்குச் சொன்னவர்?"

"துணை ஒப்பந்தக்காரர்."

"அவருக்கு மேலே?"

"பெரிய ஒப்பந்தக்காரர்."

"அவருக்கும் மேலே?"

"பொறியாளர், அதிகாரி, ஆலோசகர்... அவர்கள் மேசையிலே தாள் இருக்கிறது, தம்பி. அந்தத் தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது!"

திரை.

கற்பனைதான். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பிலும், தென்சென்னையைச் சுற்றிய ஏரிகளின் கரைகளிலும் கட்டட இடிபாடு குவிந்து கிடப்பதைக் கண்டவர்கள், இந்தக் காட்சியில் கற்பனை எவ்வளவு, கண்ணாரக் கண்டது எவ்வளவு என்று அறிவார்கள். அந்த இடிபாடெல்லாம் மெட்ரோவினுடையது என்று நான் சொல்லவில்லை, சொல்வது நேர்மையுமாகாது. எவருடையது என்று கேட்டால் விடை சொல்ல ஏடு இல்லாத நிலைமையே குற்றம் என்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் இல்லையா? இருக்கிறது. 1984-இல் போபால் நகரம் நச்சுப்புகையில் மாண்டபிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழே 1989-இல் தீங்கு தரும் கழிவுகளுக்கான விதிகள் வந்தன. 2016-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அந்த விதிகள் என்ன சொல்கின்றன? கழிவை உண்டாக்கியவர் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். 90 நாட்களுக்கு மேல் கழிவைக் களத்தில் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது ஏழு நிறத்தில் ஏழு படிகள் கொண்ட சீட்டு எழுத வேண்டும். அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றுக்கொண்டவர், வாரியம் என்று ஆளுக்கொரு படி போய்ச் சேர வேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாத நச்சுக்கழிவு, சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். சிறுசேரி எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கே! தென்கோடியில் பிறந்த கழிவு வடகோடி தாண்டிப் பயணம் செய்ய வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவையும், அருகிலுள்ள ஏரிக்கரைக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏழு நிறச் சீட்டு ஏன் தேவைப்பட்டது என்பது அந்தக் கூட்டல் கணக்கிலேயே விளங்கிவிடும்.

அதே 2016-இல் கட்டட இடிபாடுகளுக்கும் தனி விதி வந்தது. நாளொன்றுக்கு 20 டன், அல்லது ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குவோர், கான்கிரீட் வேறு, மண் வேறு, இரும்பும் மரமும் வேறு, செங்கல் வேறு என்று பிரித்துவைத்து, எங்கே கொண்டுபோவோம் என்ற திட்டத்தையும் முன்கூட்டியே தந்தாக வேண்டும் என்றது. அதை மேலும் இறுக்கி 2025-இல் புதுவிதிகள் வந்துள்ளன. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்துக் கல்லும் மணலுமாக்கும் நிலையங்களைச் சென்னை மாநகராட்சி அமைத்தது. ஆகவே விதிக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் எங்கே என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். ஒரு பெரிய வணிக வளாகம் கட்டினால், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். தேசிய நெடுஞ்சாலை போட்டால் வேண்டும். துறைமுகம் கட்டினால் வேண்டும். ஆனால் அந்த அறிவிக்கையின் அட்டவணையைத் தலைமுதல் கால்வரை தேடிப் பாருங்கள். இரயில்பாதை இல்லை, மெட்ரோ இல்லை! நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் துளையிடலாம், தோண்டலாம், தூண் நிறுத்தலாம். டெல்லிப் பட்டணத்துச் சட்டம் 'மண் எங்கே?' என்று முன்கூட்டிக் கேட்காது. மக்களை அழைத்து 'உங்கள் கருத்தென்ன?' என்று கேட்கும் பொது விசாரணையும் கிடையாது.

அப்படியானால் சென்னை மெட்ரோவுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வே நடக்கவில்லையா? நடந்தது. யார் கேட்டு நடந்தது தெரியுமா? கடன் கொடுத்தவர்கள் கேட்டு! ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையும், மணிலாவில் தலைமையகம் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கியும், இன்னபிற பன்னாட்டு வங்கிகளும் கடன் தருகின்றன. 'எங்கள் பணத்தால் எவர் கிணறும் கெடக்கூடாது' என்பது அவர்களுடைய நிபந்தனை. ஆகவே ஆய்வு எழுதப்பட்டது, கழிவு மேலாண்மைத் திட்டம் எழுதப்பட்டது, கண்காணிப்பு அறிக்கைகள் எழுதப்படுகின்றன. தோக்கியோவில் இருப்பவனுக்கு முட்டுக்காட்டுத் தண்ணீர்மீது உள்ள அக்கறை, டெல்லியின் அறிவிக்கைக்கு இல்லை! மாநில உரிமை பேசும் நாம் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டாமா? கடன்காரன் கேட்டால் காட்டப்படும் ஏடு, களத்தருகே குடியிருக்கும் மக்கள் கேட்டால் காட்டப்பட வேண்டாமா? அதுவும் அவர்கள் மொழியிலே?

கடற்கரைக்கென்று தனி அறிவிக்கை உண்டு. 1991-இல் வந்தது, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் கடற்கரை கொஞ்சம் ஒல்லியாகிறது! அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று வேண்டாம்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். செங்கற்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. ஏரிகளின் மாவட்டம் என்று பெயர். மேற்கே ஏரிச்சங்கிலி, கிழக்கே கடல், நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே அது ஓடுகிறது. சாலையிலே தூண் நடும்போது வழியும் சேறு மழைநீர் வடிகாலில் விழும். வடிகால் கால்வாயில் விழும். கால்வாய் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் போய்ச் சேரும். கழிமுகம் கோவளத்தருகே கடலைத் தொடும். வழி அவ்வளவுதான். படம் வரைய வேண்டியதில்லை.

முட்டுக்காட்டிலே யார் இருக்கிறார்கள்? வார இறுதியில் படகேறிச் செல்லும் சீமான்களை நான் சொல்லவில்லை. இடுப்பளவு நீரிலே நின்று, சேற்றிலே கைவிட்டுத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் குலத் தாய்மார்களைச் சொல்கிறேன். வலை இல்லை, படகு இல்லை. கைதான் கருவி, சேறுதான் வயல். அந்தச் சேற்றிலே எண்ணெய் கலந்தால், காரநீர் கலந்தால், முதலில் தெரிந்துகொள்வது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல. அந்தத் தாயின் கைத்தோல்! அவருக்கு ஏழு நிறச் சீட்டில் எந்தப் படி?

வரலாறும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கால்வாய் யாருடைய எலும்பின்மேல் வளர்ந்தது? 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய ஏழைகளை நிவாரண வேலை என்று அழைத்து, மண் சுமக்க வைத்து நீட்டினார்கள். வெட்டியவன் பெயர் ஏட்டில் இல்லை. ஆளுநராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு! போகட்டும். சுதந்திரம் பெற்ற நாம் அந்தக் கால்வாயை எப்படி நடத்தினோம்? சென்னையிலே பறக்கும் இரயில் கட்டினோம். 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலை வரை, 2007-இல் வேளச்சேரி வரை. நல்ல காரியம். ஆனால் தூண்களை எங்கே நட்டோம்? நிலம் எடுக்கும் தொல்லை வேண்டாமென்று, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே நட்டோம்! படகு சென்ற நீர்வழி தூண்காடு ஆயிற்று. தண்ணீர் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்காது என்ற தைரியம்! ஒவ்வொரு மழைக்கும் அதன் வட்டியை யார் கட்டுகிறார்கள்? கரையோரத்துக் குடிசைவாசிகள்.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் ஒக்கியம் மடுவைக் கடக்கிறது. மடு என்ற பெயரைக் கேட்டதும் சிறு குட்டை என்று எண்ணிவிடாதீர்கள். தென்சென்னையின் ஏரிகள் நிறைந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிறைந்து, அந்த நீரெல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்க இருக்கும் வாசல் அது. வாசலிலே கட்டுமானச் சாமான் குவிந்தால், வீட்டுக்குள் வெள்ளம். 2015 டிசம்பரையும், மிக்சாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் மறந்தவர் இங்கே எவரும் இல்லை. ஆண்டுதோறும் அக்டோபர் பிறக்குமுன் அந்த வாசலில் ஒரு கல்லும் மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டதா என்று பார்ப்பது வாரியத்தின் வேலை, வருவாய்த் துறையின் வேலை, நம்முடைய வேலையும்கூட.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்ட வந்த இராட்சத எந்திரங்களுக்குப் பெயர் சூட்டினார்கள். கலங்கரை விளக்கத்தருகே இறங்கிய எந்திரத்தின் பெயர் ஃபிளமிங்கோ, அதாவது பூநாரை! இன்னொன்று கழுகு, மற்றொன்று கூழைக்கடா, பெலிகன்! நல்ல இரசனை. குறை சொல்லவில்லை. உண்மையான பூநாரை பள்ளிக்கரணைக்கு வருகிறது. உண்மையான கூழைக்கடா நம் வேடந்தாங்கலுக்கு வருகிறது. இரண்டு இடமும் 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலே ஏறின. எந்திரத்துக்குப் பறவையின் பெயர் வைத்தாயிற்று. பறவைக்கு வைக்க இடம் இருக்கிறதா?

'இதெல்லாம் ஏழை நாட்டுக்கு ஆகாத ஆடம்பரம். சீமை நாடுகள் பேசட்டும்' என்பார் உளர். சீமை நாடு பட்ட பாட்டைச் சொல்கிறேன். சுவீடன் நாட்டிலே ஹாலந்தோஸ் என்னும் மலைமுகட்டைக் குடைந்து இரயில் சுரங்கம் அமைத்தார்கள். 1992-இல் தொடங்கினார்கள். பாறை இடுக்கிலே நீர் கசிந்தது. அடைக்க ஓர் இரசாயனப் பசையைச் செலுத்தினார்கள். அது முழுமையாக உறையுமுன் நீரிலே கரைந்து ஓடைக்குப் போயிற்று. 1997-இல் ஓடை நீரைக் குடித்த மாடுகள் கால் துவண்டு விழுந்தன; மீன்கள் செத்து மிதந்தன; சுரங்கத்தில் உழைத்தவர்களின் நரம்பு மரத்துப் போயிற்று. அக்ரிலமைடு என்னும் நரம்பு நஞ்சு அந்தப் பசையிலே இருந்தது! வேலை நின்றது, வழக்கு நடந்தது. சில ஆண்டுகளில் முடிய வேண்டிய சுரங்கத்தில் முதல் இரயில் ஓடியது 2015 டிசம்பரில்! சிக்கனம் என்று எண்ணி எடுத்த குறுக்குவழி எத்தனை ஆண்டுகளை விழுங்கிற்று பாருங்கள்.

இலண்டனிலோ வேறு கதை. நகருக்கடியில் புதிய இரயில்பாதைக்குக் குடைந்த மண்ணிலே ஏறத்தாழ 30 இலட்சம் டன்னைக் கப்பலேற்றி, வாலசி என்னும் தீவுக்குக் கொண்டுபோய், தாழ்ந்த நிலத்தை உயர்த்தி, பறவைகளுக்கு உப்பங்கழிச் சதுப்பு அமைத்துக் கொடுத்தார்கள். தோண்டிய மண் எங்கே என்ற கேள்விக்கு அங்கே விரல்நீட்டிக் காட்ட ஒரு தீவு இருக்கிறது.

நம்மிடமும் பாடங்கள் இல்லாமலில்லை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையிலே, மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்திலே, தரை பிளந்து ஒரு பேருந்தும் ஒரு காரும் உள்ளே இறங்கின. அதை நாடே பார்த்தது, படம் எடுத்தது, பத்திரிகையில் போட்டது. கண்ணுக்குத் தெரிந்த பள்ளம். மறுநாளே நிரப்பத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கசிவதைப் பற்றித்தான் என் கவலை. கொடைக்கானலில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சிதறலைப் பழைய சாமான் கடையிலே கண்டபிறகுதானே, 2001-இல் அந்த வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் சேர்ந்து இதே பக்கிங்காம் கால்வாயில் வடக்கே பரவியபோது, எண்ணூர் மீனவரின் படகும் வலையும் கறுத்தன. அங்கே கூழைக்கடா சிறகை விரிக்க முடியாமல் கரையொதுங்கியது. வெள்ளத்துக்கும் நச்சுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு, தோழர்களே: நச்சைப் பணக்காரன் உண்டாக்குவான், வெள்ளம் அதை ஏழையின் வாசலில் இறக்கிவைக்கும்.

கழிவை முதலில் தொடுகிறவன் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வங்கத்திலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்து, தகரக் கொட்டகையிலே படுத்தெழுந்து, கையுறை இருந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்று சிமெண்டுச் சேற்றிலே நிற்கிறானே, அவன். வடக்கின் ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் நாம். வடக்கின் பாட்டாளியை அல்ல. கெட்ட எண்ணெயைக் கையால் அள்ளச் சொன்னால் அவனுக்கு 'முடியாது' என்று சொல்லத் தமிழ் தெரியாது. நமக்குத் தெரியுமே!

'மெட்ரோ ஓடினால் ஆயிரமாயிரம் கார்கள் சாலையை விட்டு இறங்கும், புகை குறையும், அதுவே சுற்றுச்சூழல் சேவை, அதில் குறை காண்பதா?' என்று கேட்கிறார்கள். இறங்கட்டும், குறையட்டும், வரவேற்கிறேன். ஆனால் சென்னையில் வாழ்பவனின் மூச்சுக்காற்றைத் தூய்மையாக்க, கோவளத்தில் வாழ்பவனின் தண்ணீரை விலையாகக் கொடுப்பது எந்த ஊர்ச் சமநீதி? இடஒதுக்கீட்டிலே, கல்வியிலே, கோயில் நுழைவிலே சமநீதி கேட்ட இயக்கம், குப்பை விஷயத்தில் மட்டும் மேல் கீழ் பார்க்கலாமா?

இன்னொரு குரலும் எழும். அது நம் வீட்டுக்குள்ளிருந்தே எழும். 'நமக்கு வேண்டியவர்கள் ஆட்சியில் இருக்கும்போது இதைக் கேட்பது எதிரிக்கு வாள் கொடுப்பதாகாதா?' ஆட்சி நடத்துபவர் எவராயினும் என் கேள்வி ஒன்றுதான். எதிரி ஆளும்போது கேட்டு, நண்பர் ஆளும்போது நாவை மடித்துக்கொண்டால், அது கேள்வியல்ல, நடிப்பு. நடிப்பை மேடைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்? வேலை இனிமேல்தான் நம் மாவட்டத்துக்குள் பெருகப் போகிறது. விமான நிலையத்திலிருந்து, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 15.46 கிலோமீட்டர் மெட்ரோ என்று திட்டம் தீட்டியிருக்கிறார்கள். சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கிளாம்பாக்கத்துக்கு நீட்டலாம் என்றும் ஆராய்ந்தார்கள். சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு அதிவேக இரயில் என்று 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். எல்லாம் வரட்டும்! வந்தால் ஏரிகளுக்கு நடுவேதான் வரும். கொளவாய் ஏரியை ஒட்டித்தானே செங்கற்பட்டு இரயில் நிலையமே இருக்கிறது? தூண் நடுவதற்கு முன்னே கேட்டால் ஒரு வரைபடம் மாறும். நட்டபிறகு கேட்டால் ஒரு கமிஷன் அமையும். கமிஷன்களை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

மாமல்லபுரத்துப் பாறைகளிலே, பல்லவர் காலத்துக் கல்தச்சன் அடித்த ஆப்புக்குழிகள் இன்றைக்கும் வரிசையாகத் தெரிகின்றன. முடிக்காமல் விட்ட வேலையைக்கூட மறைக்காமல் விட்டுப் போனான். வேலை செய்தவனின் தடம் ஆயிரத்து முந்நூறு ஆண்டாகக் காண்போர் கண்முன் கிடக்கிறது. அந்த மண்ணில் வேலை செய்பவர்கள் தடத்தை மறைப்பானேன்?

ஆகவே, நம் கிளைக்கழகத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லிவிடுகிறேன். மறியல் வேண்டாம், கொடிபிடித்துக் கூச்சலிடவும் வேண்டாம். நாவலூரிலும் சிறுசேரியிலும் வேலைத்தளம் இருக்கிறது. வாயிலிலே காவலர் இருப்பார். பணிவாகப் பொறியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கெட்ட எண்ணெய் வைக்கும் இடத்துக்குக் கூரையும், கசிந்தால் தேக்கும் தொட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். கலவை வண்டி கழுவும் நீர் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போங்கள். சென்ற மாதம் எத்தனை பீப்பாய், எந்த நாளில், எந்த வண்டியில், எங்கே போயிற்று, சீட்டின் படி எங்கே என்று கேளுங்கள். காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஒழுங்காக நடத்தும் பொறியாளரைக் கிளைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். காட்டாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுங்கள். மறைமலைநகரில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. மனுவின் படியை அங்கே கொடுத்து, முத்திரையிட்ட இரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். முட்டுக்காடு, கோவளம், படூர் ஊராட்சிகளின் கிராமசபைகள் ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகின்றன. அடுத்த கூட்டத்திலே, கண்காணிப்பு அறிக்கையைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு முட்டுக்காட்டு இறால் பிடிக்கும் தாய்மார்களை அழைத்து வந்து, முன்வரிசையிலே உட்கார வையுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.